பேங்க் மாற்றமா, நகலெடுப்பா? ஏற்காட்டு மலையில் எது தாங்கும்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, மண் ஈரம் அளக்கும் பெட்டிகளை வைத்திருக்கிறேன். பேட்டரியில் ஓடுபவை. புது ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை, சேலத்திலிருந்தே அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு ஒரு பெட்டி எழவில்லை என்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் சிப் எஸ்டிஎம்32எல்476. 1 எம்பி ஃபிளாஷ் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்), அது 512 கேபி வீதம் இரண்டு பாதி, அதாவது இரண்டு பேங்க். ஒன்றில் புரோகிராம் ஓடும்போதே மற்றதில் புதியதை எழுதலாம். எழுதி முடித்ததும் எப்படித் தாவுவது என்பதில்தான் மூன்று வழிகள்.

முதல் வழி, ஓடும்போதே, எந்த பேங்க் முதலில் என்று சொல்லும் எஃப்பி மோடு பிட்டை மாற்றுவது. இரண்டு பேங்குகளின் முகவரியும் அந்த நொடியே இடம் மாறிவிடும். மாற்றும் புரோகிராம் துண்டு ரேமிலிருந்து ஓட வேண்டும், இன்டரப்ட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், கேஷைக் காலி செய்ய வேண்டும். ரீசெட்டே ஆகக் கூடாத கருவிக்கு சரி. என் வேலைக்கு வேண்டாம்.

இரண்டாவது, இரண்டாவது பேங்கிலிருந்து தொடங்கு என்று சிப்புக்குச் சொல்லும் பிஎஃப்பி2 என்ற ஆப்ஷன் பிட்டை (சிப்பின் நிலையான அமைப்புகளில் ஒன்று) எழுதி ரீசெட் செய்வது. நகலெடுப்பே கிடையாது, நொடிக்குள் புதிய ஃபர்ம்வேர் ஓடும். இதைத்தான் முதலில் வைத்தேன். மறுநாள் தோட்டத்து மேஸ்திரி போன் செய்தார்: "தம்பி, பத்து நாளா மழையே இல்லீங்க, உங்க பொட்டி சேறா இருக்குன்னு சொல்லுது." அளவுத் திருத்தக் கணக்குகளை முதல் பேங்கின் கடைசி பேஜில் (ஃபிளாஷை அழிக்கும் மிகச் சிறிய துண்டு) சேமித்திருந்தேன். பேங்க் மாறியதும் அந்தப் பேஜும் கூடவே இடம் மாறிவிட்டது. பழைய முகவரியில் இருந்தது எழுதாத வெற்றுப் பேஜ்.

அதைவிடப் பெரிய குறை வேறு. சிப்பில் உள்ள பூட்லோடர், அதாவது முதலில் எழுந்து ஃபர்ம்வேரை ஓட்டிவிடும் சிறு புரோகிராம், இரண்டாவது பேங்கின் தொடக்கத்தில் எழுதியிருக்கும் ஸ்டாக் முகவரி (தற்காலிகக் கணக்குகளுக்கான இடம்) ரேமுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் தாவிவிடும். புதிய ஃபர்ம்வேர் பத்தாவது நொடியில் செத்தாலும் அதற்குத் தெரியாது, மறுபடி மறுபடி அதையே ஓட்டும். பின்வாங்கும் ஏற்பாட்டை நாமே எழுத வேண்டும். ஆப்ஷன் பைட் எழுதும்போது பேட்டரி சரியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எம்சியுபூட் என்ற திறமூல பூட்லோடர். இது இரு பகுதிகளின் உள்ளடக்கத்தையே பேஜ் பேஜாக இடம் மாற்றும். நேரம் பிடிக்கும்தான்: 200 கேபி ஃபர்ம்வேர் என்றால் 2 கேபி பேஜ் 100, ஒவ்வொன்றுக்கும் (இரு பகுதியிலும், இடைத்தங்கலிலும்) மூன்று அழிப்பு, ஓர் அழிப்புக்குச் சுமார் 22 மில்லிசெகண்ட். அழிப்புக்கு மட்டுமே 6 நொடிக்கு மேல். ஆனால் ஒவ்வொரு படியையும் ஃபிளாஷிலேயே குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சேமித்த கணக்குகளும் அதே முகவரியில் இருக்கும். கால் மணிக்கொரு தடவை மண்ணைப் பார்க்கும் பெட்டிக்கு அந்த நொடிகள் பெரிதல்ல.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இடைத்தங்கலான ஸ்க்ராட்ச் பகுதிக்கு ஒரே பேஜ் கொடுத்தால், ஒரு அப்டேட்டில் அதே பேஜ் 100 முறை அழியும். அதன் ஆயுள் 10,000 அழிப்பு, அதாவது 100 அப்டேட்டில் முடிந்துவிடும். 16 பேஜ் கொடுத்தால் ஒவ்வொன்றும் 7 முறைதான்.

இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஓடிஏ டேட்டா என்ற சிறு ஃபிளாஷ் பகுதியின் இரண்டு செக்டார்களில், எந்த ஃபர்ம்வேர் நடப்பு என்று குறித்தால் போதும், பின்வாங்கும் வசதியும் கூடவே வரும்.

மலைக்கு நான் வைத்திருப்பது எம்சியுபூட்தான். புதிய ஃபர்ம்வேர் எழுந்ததும் தன்னை உடனே உறுதி செய்துகொள்ளாது. சென்சாரை ஒரு தடவை படித்து, அளவு நம்பும்படி இருந்து, சேலத்து சர்வர் பதில் சொன்ன பிறகுதான் உறுதி செய்யும். அதற்குள் எங்காவது முடங்கினால், அதைக் கவனிக்கும் டைமரான வாட்ச்டாக் ரீசெட் செய்யும், அடுத்த பூட்டில் பழையது திரும்பி வரும்.