போலரைசர் ஃபில்டர்: இலைக்காக வாங்குங்கள், வானத்துக்காக வேண்டாம்

போலரைசர் என்பது லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும், பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர். அதன் பேரைச் சொன்னதுமே வானம் கருநீலமாக வரும் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இந்த இலையுதிர் காலம் முழுக்க ஒரு 77 மி.மீ. விட்டமுள்ள சர்க்குலர் போலரைசரை மாட்டிக்கொண்டு சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், வானத்துக்காக மட்டும் என்றால் 80 டாலர் தண்டம்.

இலைக்கு என்றால் கதையே வேறு. பார்க்கின் மேற்குப் பக்கம், 100வது தெரு வழியாக நுழைந்தால் ‘தி பூல்’ என்று ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை கரையோர மரங்கள் நிறம் மாறி நிற்கும். மழை விட்ட கையோடு போனால் இலை ஒவ்வொன்றின் மேலும் வானத்து வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைப் பளபளப்பு படிந்திருக்கும்; நேரில் அது உறைக்காது, படத்தில்தான் சிவப்பெல்லாம் வெளிறிப்போனது தெரியும். ஃபில்டரின் வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்ப அந்தப் பளபளப்பு விலகி இலையின் சொந்த நிறம் மேலே வருகிறது. மேகமூட்டமான நாளிலும் இது நடக்கும். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, எவ்வளவு ஏற்றினாலும் அந்த வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கும், சுற்றியுள்ள நிறங்கள் மட்டும் கண்ணைக் குத்தும்.

அதற்காக முழுக்கத் திருப்பிவிடவும் கூடாது. குளத்தில் விழுந்திருக்கும் மரங்களின் பிம்பமும் சேர்ந்தே போய்விடும். பாதியில் நிறுத்த வேண்டும், நின்ற இடம் மாறினால் மறுபடியும் திருப்ப வேண்டும்.

வானத்துக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் பகுதிதான் அதிகமாகக் கறுக்கும். சாயங்காலம் பார்க்குக்குள்ளேயே இருக்கும் ரிசர்வாயர் ஏரியின் வடகரையில் நின்று, தெற்கே தெரியும் உயரக் கட்டடங்களை 16 மி.மீ. அகலக்கோண லென்ஸில் எடுத்துப் பாருங்கள், வானத்தில் ஒரு பக்கம் மட்டும் அடர்நீலத் திட்டு, மீதியெல்லாம் வெளிறல். சகிக்காது.

இன்னொன்று, இது 1 முதல் 2 ஸ்டாப் வரை வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகிவிடும்). நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் ஐந்து மணிக்குள் சூரியன் இறங்கிவிடுகிறது, பார்க்கின் ‘தி மால்’ என்ற நடைபாதையில் எல்ம் மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே இருட்டு கட்டிவிடும். அந்த நேரத்தில் ஷட்டர் வேகம் குறைந்தால் காற்றில் ஆடும் இலை கலங்கிப்போகும், ட்ரைபாட் இருந்தும் பிரயோஜனமில்லை. கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். சூரியனை எதிரே வைத்து இலை வழியாக ஊடுருவும் மஞ்சள் வெளிச்சத்தை எடுக்கும்போதும் அப்படித்தான், அங்கே போலரைசருக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை.

நான் வாங்கிய பிராண்டில் கண்ணாடி நன்றாக இருக்கிறது, நிறம் பெரிதாக மாறவில்லை. வளையம்தான் ரொம்ப மெல்லிசு. குளிருக்குக் கையுறை போட்டால் பிடியே கிடைக்காது, லென்ஸ் ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் மறைப்பு) மாட்டிவிட்டால் விரலே உள்ளே போகாது. விளிம்பில் வரிவரியாகச் சொரசொரப்பு வெட்டியிருக்கும் மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

அப்புறம், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதில் பெரிய லென்ஸின் அளவுக்கு ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டுக்கொண்டால் போதும். என்ன, அந்தச் சின்ன லென்ஸ்களின் ஹூட் அதன்மேல் ஏறாது.