ஒரு கிடுகுக் கொட்டிலை யாரைப் பார்த்துச் செய்வது? மினியேச்சர் காணொளிகள் ஓர் ஒப்பீடு

பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், ஐந்தடித் தாழ்வாரக் கப்பு, கிடுகுக் கூரை. இந்தக் கொட்டிலை 1:12 அளவுக்கு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் குறுக்கினால் நீளம் 30.5 செ.மீ., அகலம் 25.4 செ.மீ., தாழ்வாரக் கப்பு 12.7 செ.மீ. வரும். வன்னியில் கொட்டில் பார்க்காத கண் இல்லை. எங்கே பிழைத்தாலும் செய்தவருக்கே தெரிந்துவிடும். அதனால் பொம்மை வீட்டு மினியேச்சர் சொல்லித்தரும் யூரியூப்காரர்களை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடையாது.

சோட்ஸ், ரீல்ஸ் வகையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். என்ன செய்யலாம் என்று யோசனை எடுக்க அவை உதவும், பழக உதவாது. நாற்பது வினாடிக்குள் சுவர் நிமிர்ந்து கூரை ஏறிவிடும். ஆனால் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை பிடிக்க அரை மணித்தியாலம் வேண்டும், முழுதாக இறுக ஒரு நாள் வேண்டும். அந்த நேரத்தைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார்கள். அதை நம்பிப் பத்தாம் நிமிடம் வளையை ஏற்றினால் கப்பு சரியும், பழகுபவர் தன் கையைக் குறை சொல்வார். கை பிழைக்கவில்லை, காய்ச்சல்தான் போதவில்லை.

பெட்டியில் வரும் சீனக் கிட்களை பூட்டிக் காட்டும் காணொளிகள் இன்னொரு வகை. ரோபோரைம் போன்றவற்றின் கிட்களில் எல்லாம் வெட்டியே வரும். இடுக்கி பிடிக்கும் விதம், எதை முதலில் ஒட்டுவது என்ற ஒழுங்கு, மின்குமிழ் வயரைச் சுவருக்குள் மறைப்பது ஆகிய மூன்றையும் இங்கே நன்றாகப் பழகலாம். அளந்து வெட்டுவதைப் பழக முடியாது. இந்த அறைகளில் பெரும்பாலானவை 1:24 அல்லது அதற்குக் கிட்டிய அளவு. அங்கே பார்த்த கதிரை அளவை 1:12 கொட்டிலுக்குள் கொண்டுவந்தால் அது பிள்ளையின் கதிரையாகிவிடும். எந்தக் காணொளியைப் பார்த்தாலும் முதலில் வாசல் நிலையைப் பாருங்கள். ஏழடி நிலை 1:12இல் 17.8 செ.மீ., 1:24இல் 8.9 செ.மீ., பார்பி அளவான 1:6இல் 35.6 செ.மீ. அளவைச் சொல்லாத காணொளியில் இருந்து வேலை முறையை மட்டும் எடுங்கள், அளவை எடுக்க வேண்டாம்.

தமிழ்க் கைவினைச் சனல்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அவர்கள் கையில் இருப்பது எங்கள் கடையிலும் இருக்கிறது: ஐஸ்கிறீம் குச்சி, நெருப்புக்குச்சி, ஈர்க்கு, காட்போட் மட்டை. கேள்வியையும் தமிழிலேயே கேட்கலாம். குறை இரண்டு. கண்மதிப்பில் வெட்டுவதால் கதவு ஓரளவிலும் யன்னல் வேறோர் அளவிலும் நிற்கும். எல்லாவற்றையும் சூட்டுப்பசைத் துப்பாக்கியால் ஒட்டுகிறார்கள். அந்தப் பசை ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடித்து நிற்கும், 1:12இல் அது அரை அங்குலச் சீமெந்துப் பிதுக்கம் போலத் தெரியும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைத்தால் இளகியும் விடும். அவர்கள் சூட்டுப்பசை வைக்கும் இடத்தில் நீங்கள் பைண்டர் கம்மைத் தொட்டு, துணி கொழுவும் கிளிப்பால் பிடித்து வையுங்கள். வேலை மெதுவாகும், ஆனால் மூலை மூலையாகவே இருக்கும்.

உண்மையான பாடம் நீண்ட, பேசிச் செய்யும் ஆங்கிலக் காணொளிகளில்தான் இருக்கிறது. பென்ட்லி ஹவுஸ் மினிஸ் என்ற சனல் பொம்மை வீட்டு அளவிலேயே வேலை செய்கிறது. அவுஸ்திரேலியரான லூக் டோவன் ரயில் மாதிரிக் காட்சிகள் செய்பவர், அளவு மிகச் சிறியது. ஆனால் மண், புல், தண்ணீர், துரு எல்லாவற்றிலும் ஏன் இப்படிச் செய்கிறேன் என்று காரணம் சொல்லுவார். ஸ்ரட்சன் ஸ்ரூடியோ எறியும் பொருட்களில் இருந்து கட்டுகிறது. பொருள் தட்டுப்பாடு உள்ளவர் பார்க்க வேண்டிய சனல் அது.

சிக்கல் மொழிபெயர்ப்பில் வரும். தானியங்கித் தமிழ் வசனத்தை நம்ப வேண்டாம். ‘ஸ்கோர்’ என்றால் புள்ளி அல்ல, மட்டை முழுதாக வெட்டுப்படாமல் மேல்தாளை மட்டும் கீறுவது. ‘ட்ரை ஃபிட்’ என்றால் பசை இல்லாமல் பொருத்திப் பார்ப்பது. ‘வோஷ்’ என்றால் கழுவுவது அல்ல, தண்ணீராகக் கரைத்த நிறத்தைப் பூசிப் பள்ளங்களில் இறங்கவிடுவது. அளவுகள் அங்குலப் பின்னத்தில் வரும். எட்டில் ஒன்று 3.2 மி.மீ., பதினாறில் ஒன்று 1.6, முப்பத்திரண்டில் ஒன்று 0.8. இந்த மூன்றையும் மேசையில் எழுதி ஒட்டினால் போதும்.

அடுத்தது பொருள். அவர்கள் ‘ஃபோம்’ என்பது பெரும்பாலும் மணி இல்லாத இறுக்கமான பலகை. எங்களுக்குக் கிடைப்பது ரிஜிபோம். வெட்டினால் மணி மணியாக உதிரும், சுப்பர் குளூ பட்டால் கரையும், ஸ்பிறே பெயின்ற் பட்டால் குழி விழும். ரிஜிபோமில் சுவர் எழுப்புவதானால் புது பிளேட்டால் ஒரே இழுப்பில் வெட்டி, இரு பக்கமும் மெல்லிய தாளைப் பைண்டர் கம்மால் ஒட்டி, காய்ந்த பின்பே மண் பூச்சுக்குப் போக வேண்டும். இரு பக்கமும் என்பதற்குக் காரணம் உண்டு. ஈரம் பட்ட பக்கம் காயும்போது சுருங்கும், எதிர்ப்பக்கத்தில் சமன் இல்லாவிட்டால் சுவர் வளையும். மட்டைச் சுவருக்கும் இதே விதிதான்.

பானை சட்டிக்கு அவர்கள் பொலிமர் களியை எடுத்து, ஏறக்குறைய 110 முதல் 130 பாகை செல்சியசில் அவனில் சுடுவார்கள். சூடு மீறிக் கருகினால் நச்சுப்புகை வரும், ஆகவே அடுப்பில் வாட்டிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். மாற்று, சோளமாக் களி. ஒரு கோப்பை பைண்டர் கம், ஒரு கோப்பை சோளமா, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சம்புளி. மெல்லிய சூட்டில் கிளறி, சட்டியை விட்டு உருண்டு வரும்போது இறக்கிப் பிசைய வேண்டும். இது காயும்போது சுருங்கும். 5 செ.மீ. நீளத்தில் ஒரு குச்சி உருட்டிக் காயவிட்டு அளந்து பாருங்கள். 4.5 செ.மீ. நின்றால் எல்லாவற்றையும் 1.1 மடங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். பத்தங்குலப் பானைக்கு 21 மி.மீ. தேவை, எனவே 23 மி.மீக்குச் செய்யுங்கள்.

கூரைக்கு வந்தால் எல்லாக் காணொளியும் கையை விரிக்கும். ஆங்கிலேயக் குடிசைக் கூரை செய்பவர் தும்பையோ புல்லையோ கற்றை கற்றையாக அடுக்குவார். அது தடித்த கூரை. வைக்கோல் வேய்ந்த மாட்டுக்கொட்டிலுக்குச் சரிவரும், கிடுகுக்கு வராது. கிடுகு தட்டையானது, படிப்படியாக விளிம்பு தெரியும். தும்பை ஒட்டினால் பார்ப்பவர் குறை எங்கே என்று சொல்லத் தெரியாமலே ‘இது எங்கட கொட்டில் மாதிரி இல்லை’ என்பார்.

இந்த இடத்தில் யூரியூப்பை மூடிவிட்டுப் பன்ன வேலை தெரிந்த ஒரு அம்மாவிடம் போங்கள். பனங்குருத்தோலையைச் சத்தகத்தால் 2 மி.மீ. அகலத்துக்கு வார்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஈரம் இருக்கும்போதே பின்ன வேண்டும். காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். ஐந்தடிக்கு ஒன்றரையடிக் கிடுகு, 12.7 செ.மீக்கு 3.8 செ.மீ. வரும். பின்னியதை இரண்டு தாளுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றிக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் சுருளும். கூரைச் சாய்வு 40 பாகை, தாழ்வாரம் 2 செ.மீ. வெளியே நீண்டால், ஒரு பக்கச் சாய்வு 19 செ.மீ. கீழிருந்து மேலே, வரிசைக்கு வரிசை அரையடி, அதாவது 12.7 மி.மீ. ஏற்றினால் பதினைந்து வரிசை. வரிசைக்கு மூன்று கிடுகு. இரு பக்கத்துக்கும் தொண்ணூறு, முகட்டுக்கு வேறு. முழுவதையும் பின்னப் பொறுமை இல்லாவிட்டால், தெரியும் கீழ்விளிம்பு 1.5 செ.மீயை மட்டும் பின்னி மேற்பகுதியைப் பழுப்புத்தாளாக விடலாம். மேல்வரிசை அதை மூடிவிடும்.

தகரக் கூரைதான் வேண்டும் என்றால் வேலை பாதி. வழமையான நெளிதகரத்தில் ஒரு நெளிக்கு 3 அங்குலம். 1:12இல் 6.3 மி.மீ. சாதாரண மெல்லிய காட்போட் பெட்டியின் உள்நெளி கிட்டத்தட்ட அதே இடைவெளி. மேல்தாளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்து, நெளியைச் சற்று அமர்த்தி, சாம்பல் நிறம் பூசி, செங்கட்டித் தூளைத் துணியில் சலித்துத் துருவாகத் தட்டினால் போதும். கிட் அளவான 1:24க்கு இதே மட்டை இரு மடங்கு பெருநெளியாகத் தெரியும்.

கொட்டிலுக்குள் லாம்பு வைக்க, கிட் காணொளிகளில் வருவது போல 3 மி.மீ. மஞ்சள்வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றும் 3 வோல்ட் வட்ட பற்றரியும் போதும். 9 வோல்ட் பற்றரி பாவித்தால் 330 ஓம் தடையி கட்டாயம், இல்லாவிட்டால் குமிழ் உடனே போய்விடும்.

முதல்முறை செய்பவர் தமிழ்ச் சனல் ஒன்றைப் பார்த்து ஒரு வாங்கு செய்து பழகட்டும். அடுத்த மாதம் ஆங்கிலக்காரரில் ஒருவரை மட்டும் பிடித்து, அவருடைய ஒரே காணொளியை முதலில் முழுதாகவும் பிறகு பாதி வேகத்திலும் பார்க்கட்டும். பத்துப் பேரைக் கலந்து பார்த்தால் பத்து அளவு கலக்கும். களி வேலையைச் சோளகக் காலத்தில் காற்றுப்படாமல் கவிழ்த்த கோப்பைக்குள் காயவையுங்கள், நேர்க்காற்றில் மேல்தோல் முந்திக் காய்ந்து வெடிக்கும். மாரியில் நாள் இரண்டு மடங்காகும், அப்போது கோப்பையை எடுத்துவிட்டுத் தினம் இருமுறை புரட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.