ஓஇடி ஆன்லைன் கோச்சிங் ரிவ்யூ: ஸ்பீக்கிங்குக்காகவே சேரலாம்

நர்ஸிங் முடிச்சிட்டு யூகே, அயர்லாந்துன்னு ட்ரை பண்றவங்களுக்காக எழுதுறேன். ஓஇடிங்கறது டாக்டர், நர்ஸ் மாதிரி ஹெல்த்கேர்ல இருக்கவங்களுக்கான இங்கிலீஷ் டெஸ்ட். நான் சேர்ந்த ஆன்லைன் கோச்சிங்ல பெரிய ப்ளஸ்ஸே, இங்கிலீஷ்ல "ஐ ஆம்"அ "ஐ'ம்"னு எங்க சுருக்கி பேசணும் (இதுக்கு பேர் தான் கான்ட்ராக்ஷன்), எங்க முழுசா சொல்லணும்னு மேடம் பேச வெச்சே புரிய வெக்கிறது தான். ஸ்கூல்ல இருந்தே ஐ ஆம், ஐ வில், டூ நாட்னு எழுதி எழுதி நமக்கு வாய்லயும் அதே தான் வருது. ஓஇடி ஸ்பீக்கிங்ல ரெண்டு ரோல்ப்ளே (நர்ஸ்-பேஷண்ட் மாதிரி நடிச்சு பேசுறது), ஒவ்வொண்ணும் சுமார் 5 நிமிஷம், பேஷண்ட்கிட்ட எவ்ளோ கனிவா பழகுறோம்ங்கறதுக்கும் சேர்த்து மார்க் போடுறாங்க, அங்க போய் பயந்து உக்காந்திருக்கவங்ககிட்ட "டூ நாட் வொரி"ன்னா அதட்டுற மாதிரி தான் கேக்கும், "டோன்ட் வொரி, ஐ'ல் பி ரைட் ஹியர்"னா தான் ஆறுதல்.

ஆனா எல்லாத்தையும் சுருக்கவும் விடமாட்டாங்க. மாத்திரைய நிறுத்தவே கூடாதுன்னு அழுத்தி சொல்ற எடத்துல "டூ நாட் ஸ்டாப்" தான். கேன், கான்ட் ரெண்டும் வேகமா பேசுனா ஒண்ணு போலவே கேக்கும், அலர்ஜி விஷயத்துல அது எவ்ளோ ஆபத்து, அதனால "கெனாட்"னு முழுசா சொல்ல சொல்றாங்க. அப்புறம் "யெஸ், ஐ ஆம்"னு பதில் முடியுற எடத்துல "யெஸ், ஐ'ம்"னு சுருக்கவே கூடாது, ஆனா "நோ, ஐ'ம் நாட்" ஓகே. எத்தனையோ வருஷமா இங்கிலீஷ் படிச்சும் இத யாரும் சொல்லித் தந்ததில்ல.

ரைட்டிங் நேர் எதிர். 45 நிமிஷத்துல டாக்டருக்கோ இன்னொரு நர்ஸுக்கோ போற 180-200 வார்த்தை லெட்டர், அதுல கான்ட்ராக்ஷனே வேண்டாம். "ஷி'ஸ்"னா இஸ்ஸா ஹேஸா, "ஹி'ட்"னா ஹேடா வுட்டான்னு படிக்கிறவங்க ஒரு செகண்ட் கூட யோசிக்க வேண்டியதில்லாம இருக்கணும்.

குறைன்னு பாத்தா அவங்க குடுக்குற பிடிஎஃப் நோட்ஸ். கான்ட்ராக்ஷன் தப்பு, எங்கயுமே போடாதீங்கன்னு மொட்டையா போட்டிருக்கு, கிளாஸ்க்கு வராம அத மட்டும் படிக்கிறவங்க ஸ்பீக்கிங்ல மாட்டிப்பாங்க, உடனே மாத்தணும். லெட்டர் கரெக்ஷனும் ரொம்ப லேட்டா வருது. ரைட்டிங்குக்கு மட்டும்னா வேற எடம் பாருங்க, ஸ்பீக்கிங்குக்கு தாராளமா சேரலாம், நைட் டியூட்டி இருந்தாலும் ரெக்கார்டிங் பாத்துக்கலாம்னு விட்டுடாம லைவ் பேட்ச்லயே உக்காருங்க.