ரிச்சி தெருவில் வாங்கிய அலுவலகக் கணினியில் நான்கரை வருட கேமிங்

2021 ஆகஸ்டில் சென்னை ரிச்சி தெருவில் 12,500 ரூபாய் கொடுத்து ஒரு பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 வாங்கினேன். ஐ5-4570 பிராசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஏதோ ஓர் அலுவலகத்தில் பல வருடம் ஓடிவிட்டு மொத்தமாக விற்பனைக்கு வந்த பெட்டி. முன்பக்கம் ஒட்டியிருந்த சொத்து எண் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் இன்னமும் இருக்கிறது.

கேம் விளையாடுவதற்காக அதை வாங்கவில்லை. தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. செல்போனின் சின்னத் திரையில் ஆன்லைன் வகுப்பைப் பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண் எரிச்சல் வந்துவிட்டது. மடிக்கணினி வாங்க வீட்டில் பணம் இல்லை. அதனால்தான் வேலூரிலிருந்து ரயில் ஏறிப் போனேன். கேம் எல்லாம் அப்புறம் வந்தது. இன்று தம்பி பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறான். லீவில் வீட்டுக்கு வந்தால் இருவரும் விளையாடுவது இன்றும் அதே பெட்டியில்தான். இடையில் என்னென்ன மாற்றினேன், எதற்குக் கொடுத்த பணம் உண்மையில் பலன் தந்தது என்பதை, இதே மாதிரி பெட்டி வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடையில் ஒரே மாடலில் இரண்டு அளவுப் பெட்டிகள் இருந்தன. ஒன்று டவர், இன்னொன்று மெலிந்த சிறிய பெட்டி. உள்ளே இருக்கும் பிராசசர் இரண்டிலும் ஒன்றுதான். சிறியது ஆயிரம் ரூபாய் குறைவு, ரயிலில் தூக்கி வரவும் சுலபம். நான் அதைத்தான் கையில் எடுத்தேன். பக்கத்தில் வேறு ஏதோ வாங்க வந்திருந்த ஒரு பெரியவர், “தம்பி, நாளைக்கு ஏதாவது சேர்க்கணும்னா அதுல இடமே இருக்காது, டவரை எடுத்துக்கோ” என்றார். அவர் யார் என்று தெரியாது, அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை. ஆனால் இந்த நான்கரை வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆலோசனை அதுதான். கேம் காட்சிகளைத் திரைக்கு வரைந்து தரும் தனி கிராபிக்ஸ் கார்டைச் சேர்ப்பதானால், சிறிய பெட்டியில் பாதி உயரமுள்ளது மட்டுமே நிற்கும். அந்த அளவில் வரும் கார்டுகள் மிகக் குறைவு, விலையும் கூடுதல். டவரில் சாதாரண கார்டே உட்கார்ந்துவிடும்.

முதல் மாதம் அந்தக் கணினி எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஆன் செய்தால் விண்டோஸ் 10 முழுதாகத் திறந்து கைக்கு வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். தம்பி வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பே ஆன் செய்து வைப்பான். பிராசசர் மெதுவானது என்றுதான் நினைத்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசசர் சும்மா இருந்தது, ஹார்ட் டிஸ்க்தான் 100 சதவீதத்தில் நின்றது. 2,300 ரூபாய்க்கு 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்கின் வேலையை மிக வேகமாகச் செய்யும் சேமிப்புச் சாதனம், வாங்கி மாட்டினேன். அன்று முதல் இருபது நொடியில் திறக்கிறது. மொத்தச் செலவில் ஒரு ரூபாய்க்கு அதிக பலன் தந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் எஸ்எஸ்டி என்பேன். இத்தனைக்கும் கேமில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற எண்ணிக்கை) அதனால் கூடவே இல்லை. ஆனால் கணினியைத் தொடவே தோன்றாத நிலை மாறியது.

அடுத்து ரேம். கடையில் 8 ஜிபி என்று சொன்னது உண்மைதான், ஆனால் அது ஒரே குச்சி. இதில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் எச்டி 4600 தன் வேலைக்கும் இதே ரேமைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது. டிடிஆர்3-1600 குச்சி ஒன்று இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி வரை தரவு போய் வரும். சரியான ஸ்லாட்டில் இன்னொன்றைப் போட்டால் இரண்டு வழியும் திறந்து 25.6 ஆகிவிடும். 1,100 ரூபாய்க்குப் பழைய குச்சி ஒன்று வாங்கி, அதே நிற ஜோடி ஸ்லாட்டில் போட்டேன். துப்பாக்கிச் சண்டை கேமான வேலோரன்ட்டில் 720பி தெளிவு, எல்லாம் லோ செட்டிங். முன்பு 40-ஐ ஒட்டி இருந்த எஃப்பிஎஸ் 60-ஐத் தொட்டது. அந்த கேம் 2020-இல் வெளியானபோது எங்களுடையதற்கு முந்தைய எச்டி 4000-ஐயே குறைந்தபட்சத் தேவையாகச் சொன்னார்கள். அதனால்தான் அது எங்களைப் போன்றவர்களின் வீடு வரைக்கும் வந்தது. தம்பி முதல்முறையாக ஒரு மேட்ச் ஜெயித்தது இந்த அமைப்பில்தான், கிராபிக்ஸ் கார்டு வருவதற்கு முன்பே. கார்டு வாங்கக் காசில்லை என்று தயங்குபவர்கள் முதலில் இந்த இரண்டாவது குச்சியைப் போட்டுப் பாருங்கள்.

கார்டுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தேன். ஜிடிஎக்ஸ் 1650 என்பது 2019 ஏப்ரலில் 149 டாலருக்கு அறிமுகமான கார்டு. 2021-இல் ஒரு கடையில் அதற்கு 24,000 ரூபாய் சொன்னார்கள். சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கார்டுகளை எல்லாம் கிரிப்டோ மைனிங்குக்கு (கணினியை ஓட்டி டிஜிட்டல் நாணயம் ஈட்டுவதற்கு) வாங்கிக் குவித்தது இன்னொரு பக்கம். முழுக் கணினியைப் போல இரண்டு மடங்கு விலையை ஒரு கார்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் இல்லாத முறைக்கு மாறியது. அதன்பின் பழைய கார்டுகள் சந்தைக்கு வர ஆரம்பித்தன, விலையும் இறங்கியது.

காத்திருந்த நாட்களில் ஒரு தப்பு செய்ய இருந்தேன். கார்டு போட வேண்டுமானால் பவர் சப்ளை பெரிதாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு 450 வாட் சப்ளைக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு முன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. வெளியே விற்கும் சப்ளைகளில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டருக்கு 24 பின் இருக்கும். இந்தப் போர்டில் இருப்பது 8 பின். நேராக மாட்டவே முடியாது. நடுவில் போட ஒரு மாற்று வயர் கிடைக்கிறது, பலர் பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் எனக்கு அது தேவையா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உள்ளே இருக்கும் சப்ளை 290 வாட். ஐ5-4570-க்கு 84 வாட். மதர்போர்டின் நீள ஸ்லாட் ஒரு கார்டுக்குத் தரக்கூடியது 75 வாட். மற்றதெல்லாம் சேர்த்து 40 வாட் வைத்தாலும் 200-ஐத் தாண்டவில்லை. ஸ்லாட்டிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும் கார்டாகப் பார்த்து வாங்கினால் பழைய சப்ளையே போதும். இந்த மாதிரிப் பெட்டிகளில் எந்தக் கார்டு என்பதை நம் ஆசையோ பட்ஜெட்டோ முடிவு செய்வதில்லை. பவர் சப்ளையின் லேபிளும் பெட்டியின் நீளமும்தான் முடிவு செய்கின்றன. அதைப் பார்த்துவிட்டுக் கார்டைத் தேடினால் பணம் வீணாகாது.

75 வாட்டுக்குள் மூன்று கார்டுகள் என் பட்டியலில் இருந்தன. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ விலை குறைவு, ஆனால் 2016-ஐச் சேர்ந்தது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான், 2022-இல் வந்தது, புதிதாகவே கிடைத்தது. ஆனால் கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பிசிஐஇ வழியில் அது நான்கு தடங்களில்தான் பேசும். புது போர்டில் பிசிஐஇ 4.0 இருந்தால் பரவாயில்லை. எங்கள் போர்டு 3.0 என்பதால் அந்த வழி பாதியாகச் சுருங்கிவிடும். கார்டில் இருக்கும் 4 ஜிபி நிரம்பி, மெயின் ரேமைத் தேடிப் போகும்போது அது நன்றாகத் தெரியும். ஆக 1650 என்று முடிவு செய்தேன். 1650 என்ற பெயர் மட்டும் போதாது. சில கம்பெனிகள் வேகத்தைக் கூட்டி, 6 பின் வயர் தனியாகக் கேட்கும் 1650-களையும் விற்றிருக்கின்றன. எங்கள் சப்ளையில் அந்த வயரே இல்லை. 6 பின் இல்லாதது, ஒற்றை மின்விசிறி, நீளம் குறைவானது என்று குறிப்பாகக் கேட்டுத் தேட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “4 ஜிபி கார்டு சார், குறைந்த விலை” என்று ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளைக் கையில் திணிப்பார்கள். ஜிபி அளவு வேகத்தைச் சொல்லாது. ஜிடி 710-இல் இருப்பவை 192 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 1650-இல் 896. ஜிடி 710-ஐ வாங்குவதற்குப் பதில் அந்தக் காசில் ரேம் போடலாம். பெயர் மாற்றி எழுதப்பட்ட போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. ஜிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால் உள்ளே இருக்கும் உண்மையான சிப் எது என்று காட்டிவிடும். பென் டிரைவில் அதைப் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.

2023 மார்ச்சில் 7,500 ரூபாய்க்குப் பழைய 1650 ஒன்று கிடைத்தது. கடையிலேயே இருபது நிமிடம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கினேன். வீட்டில் மாட்டி ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நின்றது. அரை மணி நேரம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மானிட்டர் கேபிளைப் பழைய இடத்திலேயே, மதர்போர்டில் செருகியிருந்தேன். கார்டின் பின்பக்கத்தில் மாற்றிச் செருகியதும் படம் வந்தது.

அதற்குப் பிறகு வேறு உலகம். வேலோரன்ட் 1080பியில் 120-க்கு மேல். ஜிடிஏ 5 ஹை செட்டிங்கில் 60-ஐ ஒட்டி ஓடியது. அந்த கேமின் நகரமான லாஸ் சான்டோஸின் கடற்கரையில் சூரியன் இறங்குவதைத் தம்பி காரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினான். அந்த ஒரு சாயங்காலத்துக்கே 7,500 ரூபாய் தகும்.

எட்டு மாதத்தில் கார்டின் மின்விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பழைய கார்டு, எத்தனை நாள் இரவும் பகலும் ஓடியதோ. 450 ரூபாய்க்கு அதே அளவு விசிறி கிடைத்தது. நான்கு திருகு, ஒரு வயர். இன்று வரை சத்தம் இல்லை.

2023 செப்டம்பரில் கவுண்டர்-ஸ்டிரைக் 2 என்ற கேம் வந்தபோதுதான் பிராசசரின் எல்லை தெரிந்தது. சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே இருக்கும், ஆனால் புகைக்குண்டு வெடித்து நான்கு பேர் எதிரே வந்தால் படம் விக்கி விக்கி நகரும். ஐ5-4570-க்கு நான்கு கோர், நான்கு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைவரிசைகளைத்தான் பார்க்கும். நான்கும் 100 சதவீதத்தில் நின்றன, கார்டு பாதி சும்மா இருந்தது. 2024-இல் பழைய ஐ7-4770 ஒன்றை 3,200-க்கு வாங்கினேன். அதே சாக்கெட், அதே 84 வாட், நான்கு கோருக்கு எட்டு த்ரெட். சராசரி அவ்வளவாக உயரவில்லை, ஆனால் அந்த விக்கல் பெரும்பாலும் போய்விட்டது. இதையே புது போர்டு, புது ரேம் என்று செய்யப் போனால் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பிராசசரை மாற்றும்போதுதான், அதன் சூட்டை மேலே இருக்கும் உலோக ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். வேலூர் வெயில் தெரியாதவர்களுக்கு இது புரியாது. மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கே முடியாது, அந்தப் பெட்டி என்ன செய்யும். பழைய பிராசசர் அந்தக் கோடையில் 85 டிகிரி வரை போனது. புது பேஸ்ட் போட்டு, ஹீட்சிங்கில் பஞ்சு மாதிரி அடைத்திருந்த தூசியை ஊதி எடுத்தபின் அதைவிடச் சூடான ஐ7 இப்போது 70 டிகிரியை ஒட்டி நிற்கிறது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்துவிடுகிறேன்.

கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுவதும், அதனால் பாதி இணையதளங்கள் திறக்காமல் அடம் பிடிப்பதும் கொஞ்ச நாள் நடந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தது. 40 ரூபாய். பழைய கணினி வாங்கியதும் முதலில் இதை மாற்றிவிடலாம்.

எல்லாம் சேர்த்து நான்கரை வருடத்தில் சுமார் 27,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நான் உண்மையாகவே வருத்தப்படுவது ஒரு விஷயத்துக்கு மட்டும்தான். நான்காம் தலைமுறை பிராசசர் என்பதால் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாக இடமில்லை. அதற்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்திருக்கிறேன், அது 2026 அக்டோபர் வரை. இன்னொரு பக்கம் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுப் பழகிவருகிறேன். கவுண்டர்-ஸ்டிரைக் 2 அதில் நேராகவே ஓடுகிறது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் உள்ள மற்ற பல கேம்களும், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக ஓடுகின்றன. வேலோரன்ட் மட்டும் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸ் மட்டுமே கேட்கிறது. தம்பிக்கு அதில்தான் மனத்தாங்கல்.

அதனால் இன்று ஒருவர் என்னிடம் கேட்டால் 9020-ஐச் சொல்ல மாட்டேன். ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறை பிராசசர் உள்ள டவரைத் தேடச் சொல்வேன். ஆறு கோர், டிடிஆர்4 ரேம், விண்டோஸ் 11 நேராகவே ஏறும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். கடைக்காரரிடம் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சப்ளையின் லேபிள், மெயின் கனெக்டரின் பின் எண்ணிக்கை, நீள ஸ்லாட்டுக்கு முன்னால் எத்தனை சென்டிமீட்டர் இடம், ரேம் எத்தனை குச்சி, இவற்றைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் திறப்பார்.

என் பெட்டி இப்போதும் மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. பொங்கல் லீவில் தம்பி வந்து மூன்று நாள் விடாமல் விளையாடிவிட்டுப் போனான். சித்திரை பிறப்பதற்குள் பேஸ்ட்டை மாற்றிவிட வேண்டும்.