ரத்தம் ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தால் மலேரியாவையும் பார்க்கச் சொல்லுங்கள்

போன வருஷம் ஐப்பசி மழையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வயது 67. வட சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயரை எழுதவில்லை, புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இதில் ஒரே ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அம்மா பத்து நாள் அப்படித் துடித்திருக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்கு இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும் என்றார்கள். வெளியே உள்ள ஒரு ரத்த வங்கியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், பதிலுக்கு நம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் கொடுக்க வேண்டும். நான் ஒரு யூனிட் கொடுத்தேன். தம்பி இன்சுலின் போடுகிறவன், அவனால் முடியாது. இன்னொரு ஆளுக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தபோது வார்டு அட்டெண்டர் பக்கத்தில் வந்து, "எதுக்குண்ணே அலையுறீங்க, மூவாயிரம் கொடுங்க, ஒரு பையன் வந்து கொடுத்துட்டுப் போயிடுவான்" என்றார். கொடுத்துவிட்டேன். காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 1998 ஜனவரியிலிருந்து நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு இருந்த பதற்றத்தில் யோசித்திருப்பேனா என்று சொல்ல முடியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ரத்தம் ஏற்றிப் பதிமூன்றாம் நாள் மதியம் அம்மாவுக்கு நடுக்கம் எடுத்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டது. பிறகு உடம்பு அனலாய்க் கொதித்தது, அப்புறம் வியர்த்துக் கொட்டி இறங்கியது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் நடுக்கம்.

மருத்துவமனைக்கு ஓடினோம். ஆபரேஷன் செய்த இடத்தில் கிருமி சேர்ந்திருக்கும் என்று ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். தையலோ சுத்தமாக இருந்தது, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. பிறகு டைபாய்டு என்றார்கள். தட்டணுக்கள் குறைந்ததும் டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். ஐந்து நாள் படுக்கை, பில் எழுபதாயிரத்தைத் தாண்டியது. இத்தனை பரிசோதனை எழுதியவர்களில் ஒருவர்கூட ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மலேரியா பார்க்கச் சொல்லவில்லை. அதுவும் சென்னையில்! கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசு இந்த ஊருக்குப் புதிதா என்ன?

காய்ச்சல் நிற்காமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். எதிர்வீட்டு அக்கா சொல்லி, அம்மாவை ஆட்டோவில் மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த லேப் டெக்னீஷியன் பெண் விரலில் குத்தி ஸ்லைடு எடுத்தார். அன்று மாலையே முடிவு வந்தது. வைவாக்ஸ் மலேரியா. காசு எதுவும் வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மாநகராட்சி மலேரியா பிரிவு ஊழியர் வீட்டுக்கே வந்தார். தொட்டியைத் திறந்து பார்த்தார், கிணற்றில் டார்ச் அடித்தார், எங்கள் எல்லோருக்கும் ஸ்லைடு எடுத்தார். எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, "சமீபத்துல ரத்தம் ஏத்துனாங்களாம்மா?" என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி.

கொசு இல்லாமலே ரத்தத்தின் வழியாக மலேரியா வரும் என்பது மருத்துவத்துக்குப் புதிய செய்தி இல்லை. 1917இல் வியன்னாவில் வாக்னர் யாரெக் என்ற மருத்துவர், சிஃபிலிஸ் மூளையைத் தாக்கிய நோயாளிகளுக்கு மலேரியா நோயாளியின் ரத்தத்தை ஊசியால் ஏற்றி, வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்தார். அந்தச் சிகிச்சைக்கு 1927இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அவ்வளவு பழைய சங்கதி.

கிருமி குடியிருப்பது சிவப்பணுவுக்குள். ரத்த வங்கியில் 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தாலும் அது உடனே சாவதில்லை. ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். அம்மாவுக்கு ஏற்றியதில் ஒரு பை, எடுத்து நான்கே நாள் ஆனது. நம் நாட்டுச் சட்டப்படி ஒவ்வொரு பையிலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா என ஐந்து பரிசோதனை கட்டாயம். மலேரியாவுக்குப் பெரும்பாலும் கார்டு டெஸ்ட்தான். ஒரு மைக்ரோலிட்டரில் நூறு, இருநூறு கிருமியாவது இருந்தால்தான் கார்டில் கோடு நம்பிக்கையாகத் தெரியும். மைக்ரோலிட்டருக்கு ஒன்றே ஒன்று இருந்தால்கூட 350 மில்லி பையில் மூன்றரை லட்சம் கிருமி இருக்கும். கார்டு நெகட்டிவ் என்று சொல்லும், பை நோயாளிக்கு ஏறும்.

அதனால்தான் ரத்தம் கொடுக்க வருபவரை உட்காரவைத்துக் கேட்பது அவ்வளவு முக்கியம். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, மலேரியா மாத்திரை சாப்பிட்டீர்களா? மலேரியா வந்து முழுதாகக் குணமான பிறகும் மூன்று மாதம் ரத்தம் எடுக்கக் கூடாது. காசுக்காக வருகிறவர் இதற்கு உண்மையான பதில் சொல்வாரா? சொன்னால் அன்றைய காசு போய்விடுமே. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டிவந்து காசு பார்ப்பவர்மேல்தான் கோபம்.

மருத்துவமனையில் போய்க் கேட்டேன். "உங்க வீட்டுக் கொசு சார்" என்றார்கள். ரத்தம் ஏற்றியதால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய ஹீமோவிஜிலன்ஸ் என்ற தேசியத் திட்டம் 2012 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அதன் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "இரண்டு யூனிட்" என்று இருந்ததே தவிர, பை எண் இல்லை. நல்லவேளை, ரத்த வங்கியின் ரசீதை அம்மாவின் எக்ஸ்ரே உறைக்குள் வைத்திருந்தேன். அதில் இரண்டு எண்ணும் இருந்தன.

அந்த எண்களோடு ரத்த வங்கிக்குப் போனேன். ஐந்து வருஷம் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதியைச் சொன்ன பிறகுதான் மருத்துவ அதிகாரி எடுத்துக் காட்டினார். அந்தப் பக்கத்தில் மலேரியா கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரே கோடு, கடைசியில் "நெகட்டிவ்". அன்று பரிசோதனை செய்யவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. செய்தார்கள் என்றும் அந்தக் கோடு சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். நான்கு நாள் பையைக் கொடுத்தவர் கட்டட வேலை செய்பவராம். இரண்டு மாதத்துக்கு முன்பு குளிர்காய்ச்சல் வந்து, பாதி மாத்திரையோடு நிறுத்திவிட்டாராம்.

அம்மாவுக்குக் குளோரோகுயின் கொடுத்து இரண்டே நாளில் காய்ச்சல் நின்றது. இதில் இன்னொன்று தெரிந்துகொண்டேன். கொசு கடித்து வரும் வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து மறுபடி வரும், அதற்காகத்தான் பதினான்கு நாள் பிரைமாகுயின் கொடுக்கிறார்கள். ரத்தத்தின் வழியாக வந்தது கல்லீரலுக்குள் போகாது. எனவே ரத்தம் ஏற்றிய விவரத்தைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தை முடிவு செய்ய அது அவருக்கு வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றினால் பையின் லேபிளைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். எண், எடுத்த தேதி, ஐந்து பரிசோதனையின் முடிவு எல்லாம் அதில் தெரிய வேண்டும். அடுத்த ஓரிரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "ரத்தம் ஏற்றியிருக்கிறோம், ஸ்லைடு பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். ஆள் பிடித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் காசு கொடுக்காதீர்கள்.

நான் கொடுத்தேன். அந்தப் பையனை நான் பார்க்கக்கூட இல்லை. அவன் கொடுத்த ரத்தம் அம்மாவுக்கு ஏறவில்லை. வங்கியின் இருப்புக்குப் போய், அங்கிருந்து வேறு யாருக்கோ போயிருக்கிறது. அந்தப் பையின் எண்ணைத் தேடி, அதை வாங்கியவருக்குக் காய்ச்சல் எதுவும் வந்ததா என்று விசாரிக்கச் சொல்லி ரத்த வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.