முன்பாரமும் வாலாட்டமும்: ஓர் எடைப் பகிர்வு ஹிட்ச் பற்றிய மதிப்புரை

பயண டிரெய்லருக்கு ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கருவி) வாங்குபவர்கள் பெரும்பாலும் தயாரிப்பாளரின் பெயரையும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தாங்கு திறனையும் மட்டுமே பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். எட்டு மாதங்களும் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டரும் கடந்த பிறகு சொல்கிறேன்: நான் வாங்கிய நான்கு முனை உராய்வு வகை ஹிட்ச் நல்ல பொருள்தான், ஆனால் கடையில் பொருத்திக் கொடுத்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தால் இந்த மதிப்புரையில் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட இருந்திருக்காது.

டிரெய்லரின் மூக்கு, இழுக்கும் வண்டியின் மேல் அழுத்தும் எடையை முன்பாரம் என்றே சொல்லிவிடலாம். சரக்கேற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் இது 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பின்பாரமாகி வாலை ஆட்டத் தொடங்கும். கூடினால் வண்டியின் பின்புறம் அமுங்கும். இந்த எடை இறங்கும் ஹிட்ச் உருண்டை வண்டியின் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால், அது பின்னச்சை அழுத்துவதோடு நில்லாமல் முன்னச்சைத் தூக்கவும் செய்கிறது. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பெரிதும் நம்பியிருக்கும் முன் டயர்கள் அப்போது தரையை லேசாகத்தான் தொடுகின்றன. எடைப் பகிர்வு ஹிட்ச்சில் உள்ள இரண்டு ஸ்பிரிங் பார்களும் (வளைந்துகொடுக்கும் எஃகுத் தண்டுகள்) நெம்புகோல்களாக வேலை செய்து, பின்னச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளுகின்றன. நான் வாங்கிய வகையில் அதே பார்கள் ஹிட்ச் தலையிலும் (உருண்டையும் பார்களும் பொருந்தும் பகுதி) டிரெய்லர் சட்டத்தில் உள்ள தாங்கிகளிலும் இறுக்கமாக உரசி, பக்கவாட்டு ஆட்டத்தையும் மட்டுப்படுத்துகின்றன.

பொருத்திக் கொடுத்த கடைக்காரர் டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. கண்ணால் பார்த்து, “மட்டமாக இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதல் பயணத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பெரிய லாரி என்னைக் கடந்தபோது, டிரெய்லர் முதலில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பிறகு லாரியை நோக்கி இழுக்கப்பட்டு, மூன்று முறை ஆடிய பின்பே அடங்கியது. புதிய ஹிட்ச்சின் மேல் எனக்கு ஏற்பட்ட கோபம் அநியாயமானது என்பது அடுத்த வாரம் எடைமேடையில்தான் தெரிந்தது.

பார்களைப் பூட்டி ஒருமுறை, பார்களைக் கழற்றி ஒருமுறை, டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை என மூன்று எடைகள் எடுத்தால் போதும். மற்ற எல்லாமே கழித்தல் கணக்குதான். ஆட்களும் சாமான்களும் ஏறிய என் வண்டி தனியாக நின்றபோது முன்னச்சில் 1,420 கிலோவும் பின்னச்சில் 1,380 கிலோவும் இருந்தன. பார்கள் இல்லாமல் டிரெய்லரை மாட்டியதும் முன்னச்சு 1,270 ஆகக் குறைந்து, பின்னச்சு 1,900 ஆக ஏறியது. டிரெய்லர் அச்சுகளில் 2,530. அதாவது டிரெய்லரின் மொத்த எடை 2,900, முன்பாரம் 370, விழுக்காட்டில் 13-க்குச் சற்றுக் குறைவு. குறை சொல்ல இடமில்லாத முன்பாரம்தான். ஆனால் முன்னச்சு இழந்திருந்த 150 கிலோவில், கடையில் அமைத்துக் கொடுத்த நிலையில் பார்கள் திருப்பித் தந்தது வெறும் 40 கிலோ. இவ்வளவு கனமான இரும்பை விலை கொடுத்து வாங்கி, கால் பங்கு வேலையை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

திருத்தும் வேலைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. முதலில் உருண்டையின் உயரம். சமதரையில் டிரெய்லரைத் தனியாக மட்டமாக நிறுத்தி, அதன் கப்ளர் (உருண்டையின் மேல் பூட்டும் மூக்கு முனை) எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். மாட்டிய நிலையில் மூக்கு அதைவிட மேலே நிற்பது தெரிந்தது. மூக்கு தூக்கிய டிரெய்லர் ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும் என்பதால், ஹிட்ச் தலையை ஒரு துளை கீழே இறக்கி, மட்டத்துக்கு ஒரு நூல் தாழ்வாக அமைத்தேன். அடுத்தது தலையின் சாய்வு. அதைத் தீர்மானிப்பவை தலைக்குள் இருக்கும் வாஷர்கள். ஒரு வாஷரைச் சேர்த்தால் தலை இன்னும் சற்றுச் சாய்ந்து, பார்களின் முனைகள் கீழே இறங்கும். அவற்றைத் தாங்கியின் மேல் ஏற்ற அதிக விசை தேவைப்படும். அந்த விசைதான் முன்னச்சுக்குப் போய்ச் சேரும் எடை. ஒரு வாஷர் சேர்த்தேன், தாங்கிகளை ஒரு துளை உயர்த்தினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு முன் சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டு விளிம்பின் உயரத்தை அளந்தேன்: வண்டி தனியாக 880 மில்லிமீட்டர், பார்கள் இல்லாமல் 910, கடை அமைப்பில் 902, முடிவில் 890.

மறுபடியும் எடைமேடைக்குப் போனபோது முன்னச்சு 1,370, பின்னச்சு 1,750, டிரெய்லர் அச்சுகள் 2,580 என்று காட்டின. இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. முழுவதையும் ஏன் மீட்கவில்லை என்று கேட்கலாம். பார்களை அளவுக்கு மீறி இறுக்கினால் பின் டயர்களின் பிடிப்பு குறைந்து, திருப்பத்தில் வண்டியின் பின்புறம் வழுக்கும் அபாயம் கூடும். எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதற்கு வண்டியின் கையேடே அதிகாரம். என் வண்டியின் கையேடு பாதிக்குக் குறையாமல் மீட்கச் சொல்கிறது, பழைய எடையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது.

இதே வேலையின்போது உருண்டையின் நட்டையும் சோதித்தேன். ஒன்றேகால் அங்குலத் தண்டுள்ள உருண்டைக்கு ஏறத்தாழ 610 நியூட்டன் மீட்டர் முறுக்கம் வேண்டும். வீட்டில் இருந்த டார்க் ரெஞ்ச் அந்த அளவை எட்டவில்லை. லாரிப் பட்டறையில் பெரிய ரெஞ்ச்சைப் போட்டபோது நட்டு கால் சுற்றுக்கு மேல் நகர்ந்தது. கடைக்காரர் மேல் எனக்கு மிச்சமிருந்த மரியாதை அந்தக் கால் சுற்றோடு போயிற்று.

இப்போது சாலையில் நடத்தை எப்படி என்றால், லாரி கடக்கும்போது ஓர் அசைவு இருக்கிறது. அது அத்தோடு நின்றுவிடுகிறது. பக்கக் காற்றிலும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்கத் தேவையில்லை. ஆயினும் உராய்வு ஆட்டத்தை அடக்கும் கருவியே தவிர, தவறான சுமையேற்றத்துக்கு மருந்து அல்ல. இதை நான் ஒரு முறை தண்ணீரால் கற்றேன். அச்சுகளுக்குப் பின்னால் உள்ள 130 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பியபோது, டிரெய்லரின் எடை 3,030 ஆகக் கூடியிருந்தும் முன்பாரம் 320-க்கு அருகில் இறங்கியது. விழுக்காடு 10-ஐ ஒட்டியதும், 80 கிலோமீட்டர் வேகத்திலேயே வால் அசைவதை உணர முடிந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வண்டியின் பிரேக்கைத் தொடாமல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நெம்பை நகர்த்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டதும் அடங்கியது. அதன் பிறகு தொட்டியைக் காலியாக வைத்துத்தான் நெடுஞ்சாலையில் ஏறுகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. மெதுவான திருப்பங்களில் இந்த ஹிட்ச் எண்ணெய் காணாத கதவுபோல முனகுகிறது; முகாம் திடலுக்குள் இரவில் நுழைந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உரசும் தாங்கிகளில் மசகு தடவினால் சத்தம் நிற்கும், ஆட்டத்தைத் தடுக்கும் பிடிப்பும் சேர்ந்து போய்விடும். ஆகவே உருண்டைக்கு மட்டும் மசகு, தாங்கிகளுக்கு இல்லை. தலை மிகக் கனம். பார்களை மாட்டும்போது, கப்ளரைப் பூட்டிய பின் ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கையும் வண்டியின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டால் கை வலிக்காது. தூக்காமல் கடப்பாரையால் நெம்பினால் அது திரும்பி அடிக்கக்கூடும்.

தாங்கு திறனைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சொல். என் பார்கள் 450 கிலோவுக்கானவை. முன்பாரம் 370, வண்டியில் பின்னச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமான்கள் 60, ஆகப் பொருத்தம் சரி. பாதுகாப்புக்காக என்று இரண்டு படி பெரிய பார்களை வாங்குவது, வளையாத பார்களோடு குலுங்கிக்கொண்டு போகவே உதவும்.

டிரெய்லர் சிறியது, முன்பாரம் சுலபமாகத் தாங்கக்கூடியது என்றால் இந்த ஹிட்ச் தேவையில்லை. மிக நீளமான டிரெய்லரைக் குட்டையான வண்டியால் இழுப்பவர்கள், ஆட்டத்தை உராய்வால் அடக்காமல் இணைப்புத் தண்டுகளின் அமைப்பாலேயே தடுக்கும் ஹென்ஸ்லி, புரோபிரைடு போன்றவற்றைப் பார்க்கலாம். விலையும் எடையும் கூடுதல், மாட்டும்போது வண்டியை மிகத் துல்லியமாகப் பின்னே கொண்டுவர வேண்டும். டிரெய்லரில் தள்ளுவிசையால் இயங்கும் சர்ஜ் பிரேக் இருந்தால், கப்ளர் தயாரிப்பாளர் எடைப் பகிர்வு ஹிட்ச்சை அனுமதிக்கிறாரா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.