எங்கே படுப்பீங்கன்னு கேட்ட டாக்டர்

திருச்சியில் இந்த மனநல கிளினிக்குக்கு ஏழு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஐந்துக்கு நாலு ஸ்டார் போட்டிருக்கிறேன். ஒன்று ஏன் குறைந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு 41 வயது. கும்பகோணத்தில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இங்கே வரும்போது கையில் மூன்று ஃபைல் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் மூன்று டாக்டர், மூன்று வியாதி. முதல் ஃபைலில் டிப்ரஷன். இரண்டாவதில் பைபோலார், அதாவது மனசு அளவுக்கு மீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது. அதற்கு லித்தியம் மாத்திரை, அந்த மருந்தின் அளவு பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மூன்றாவதில் பார்டர்லைன் பர்சனாலிட்டி, அதாவது உணர்ச்சியும் உறவும் நிலையாக இல்லாமல் தடுமாறுகிற சுபாவம் என்று. அது என்னவென்று என் வீட்டுக்காரர் போனில் தேடிப் படித்துவிட்டு ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த டாக்டர்களை நான் குறை சொல்லமாட்டேன். வெளியே டோக்கனோடு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது தூக்கம் எப்படி, பசி எப்படி, சாகணும்னு தோணுதா என்று கேட்கத்தான் நேரம் இருக்கும். நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இங்கே முதல் நாளே ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா ஃபைலை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "சின்ன வயசுல வீட்ல எந்த இடத்துல படுப்பீங்கம்மா?" என்று கேட்டார்.

"கொல்லைக்கதவு பக்கத்துல."

"ஏன் அங்க?"

அப்பா ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் வருவார். டிவிஎஸ் 50 சத்தம் வாசல் வரைக்கும் கேட்டால் பயமில்லை. தெருமுனையிலேயே நின்றுவிட்டால், ஓட்டமுடியாமல் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம். அன்றைக்கு அம்மாவுக்கு அடி நிச்சயம். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகப் பெரியம்மா வீட்டுக்கு ஓடவேண்டும். நாதாங்கி கிறீச்சென்று சத்தம் போடும். அதனால் வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது அதற்கும் இரண்டு சொட்டு விட்டு, மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப பதினொரு மணிக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தெருவில் எந்த வண்டி நின்றாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்பா போய்ச்சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது.

அடுத்த முறை போனபோது எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். டிப்ரஷனுக்கு ஒன்பது அறிகுறிகள் உள்ள பட்டியல் உண்டு. அதில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் இருந்தால் அந்தப் பெயர் வைப்பார்கள். ஏன் வந்தது என்று பட்டியல் கேட்காது. சர்க்கரைக்குப் பார்ப்பதுபோல ரத்தத்தில் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற வியாதிப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி என்று ஒன்று இருக்கிறது. பிடிஎஸ்டி என்றால் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகும் மனசைவிட்டுப் போகாத பாதிப்பு. காம்ப்ளெக்ஸ் என்பது, தப்பிக்க வழியில்லாத இடத்தில் திரும்பத் திரும்பப் பட்ட கொடுமையால் பெரும்பாலும் வருவது. பழைய பயம் இப்போது நடப்பதுபோலவே திரும்பி வரும். அதோடு மனசு கட்டுக்குள் நிற்காது, நான் எதுக்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு போகாது, யாரோடும் ஒட்டி இருக்கவும் முடியாது. மனநோய்களுக்குப் பெயர் வைக்க அமெரிக்க மனநல டாக்டர்கள் போட்டிருக்கிற டிஎஸ்எம் புத்தகத்திலோ இதற்குத் தனிப் பெயரே கிடையாது. ஆள் ஒருத்திதான், எந்தப் புத்தகத்தைத் திறக்கிறோமோ அதற்குத் தக்கபடி பெயர் மாறும்.

"அப்ப இதுதான் சரியான பேரா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இதுவும் ஒரு பேருதாம்மா. மருந்து எழுத, லீவுக்கு சர்டிபிகேட் குடுக்க வேணும். நீங்க முழுசா இதுக்குள்ள அடங்கிடமாட்டீங்க."

அதே வீட்டில்தானே தம்பியும் வளர்ந்தான், அவன் படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறானே, அது எப்படி என்றும் கேட்டேன். "தெரியலம்மா" என்றார். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது அந்தப் பதிலால்தான்.

லித்தியத்தை அவர் உடனே நிறுத்தவில்லை. "பைபோலார் இல்லவே இல்லைன்னு நான் சொல்லல, பார்த்துப் பார்த்துக் குறைக்கலாம்" என்று சொல்லி, பழைய டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று, முன்பு பார்த்த ஒரு இடத்தில் என் ஃபைலைத் தர முதலில் தயங்கினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நம்முடைய மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. எழுதிக் கொடுத்தேன், கிடைத்தது.

முதல் தடவை 1,500 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு முறையும் 900. என் சம்பளத்துக்கு அதிகம்தான். அதனால் மாதம் ஒரு தடவைதான் போகிறேன். ராத்திரியில் டாக்டரைக் கூப்பிட முடியாது. அதற்கு 14416 என்ற அரசாங்க இலவச மனநல உதவி எண்ணை எழுதிக்கொடுத்தார். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இனி அந்த ஒரு ஸ்டார். டாக்டர் அறைக்கும் காத்திருக்கிற இடத்துக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தட்டிதான். போன மாதம் ஒரு சின்னப் பெண் உள்ளே அழுததை, அவள் அம்மாவோடு சேர்ந்து நாங்கள் ஆறு பேர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் நாள் நான் சொன்னதும் இப்படித்தான் வெளியே கேட்டிருக்கும். ரிசப்ஷனில் இருக்கிற பையனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். செங்கல் சுவர் வைக்கிற அன்றைக்கு வந்து ஐந்தாக மாற்றிவிடுகிறேன்.